பதினாறு பருக்கைகள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு ஞானம். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், பானை முழுதும் வெந்ததா என்று தெரிந்துவிடும். ஆனால் 2020இல் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது, ஃபைசர் நிறுவனம் அதை 43,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தது என்று செய்திகளில் படித்தோம். ஒரு பருக்கை போதும் என்று பாட்டி சொல்வது சரியா, 43,000 பருக்கைகளை நசுக்கிய விஞ்ஞானிகள் செய்தது சரியா?

இதை இன்னும் குழப்ப என்னிடம் மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. அமெரிக்காவில், வாஷிங்டனை ஒட்டியுள்ள பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனம் இருக்கிறது. அங்கே மரினோஸ் டலாகஸ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு ஓர் அரிய நோய்க்கான மருந்தை வெறும் 16 நோயாளிகளிடம் சோதித்தது. அதன் முடிவு 2001இல் மருத்துவ உலகின் மிகக் கறாரான இதழ்களில் ஒன்றான ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நோயின் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பதினாறு பேரிடம் வந்துதான் தீர வேண்டியிருக்கிறது.

பதினாறு பேர் என்றால் ஒரு ஷேர் ஆட்டோ இரண்டு நடை அடிக்கும் கூட்டம். இதை வைத்து எப்படி நம்புவது?

மரமாகும் உடல்

1924இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு அயோவா மாநிலத்து விவசாயி ஒருவர் வந்தார். முதுகும் வயிறும் தொடைகளும் பலகைபோல இறுகிக் கிடந்தன. திடீரென்று இறுக்கம் கூடினால் கையை ஊன்றிச் சமாளிக்கக்கூட முடியாமல், வெட்டிய மரம்போல நெடுஞ்சாண்கிடையாகச் சாய்வார். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபிரெடெரிக் மோர்ஷ், ஹென்றி வோல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் இதே மாதிரியான நோயாளிகளைக் குறித்துவைத்துக்கொண்டே வந்தார்கள். 32 ஆண்டுகளில் சேர்ந்தது 14 பேர். 1956இல் அந்தப் பதினான்கு பேரின் கதையை வெளியிட்டு நோய்க்கு ஒரு பெயரும் வைத்தார்கள். ‘விறைத்த மனிதன்’ என்று பொருள்படும் அந்தப் பெயரில் இருந்தது ஆணைக் குறிக்கும் சொல். பாதிக்கப்படுவதில் பெண்களே அதிகம் என்று பின்னால் தெரிந்ததும், இருபாலருக்கும் பொதுவாக ‘ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம்’ என்று மாற்றினார்கள். டலாகஸ் குழு மருந்து தேடிய அந்த அரிய நோய் இதுதான். இங்கே விறைப்பு நோய் என்றே சொல்லிக்கொள்வோம். பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. பாடகி செலின் டியான் தனக்கு இந்நோய் இருப்பதாக 2022 டிசம்பரில் அறிவித்த பிறகுதான் உலகத்தில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

உங்கள் கையை மடக்கிப் பாருங்கள். மேற்கையின் முன்பக்கத் தசை இறுகும்போது பின்பக்கத் தசை தானாகத் தளர்ந்து வழிவிடுகிறது. இப்படி வழிவிடச் சொல்லும் ரசாயனத் தூதர்களில் முக்கியமானது காபா. நரம்பு மண்டலத்தின் பிரேக் அது. விறைப்பு நோயில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. எதிர்பாராத ஒரு ஹாரன் சத்தம், யாரோ தோளில் கை வைப்பது, ஒரு துக்கச் செய்தி, எதுவும் உடலை உறையவைத்துவிடும். சாலையைக் கடப்பதே இவர்களுக்குப் பெரும் பீதி. பாதி வழியில் கால் மரத்தூணாகிவிட்டால்?

மனம் கலங்கினால் உடல் இறுகுகிறது. படுத்துத் தூங்கினால் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. ஸ்கேனிலோ ஒன்றும் தெரிவதில்லை. இப்படிப்பட்ட நோயாளியை மருத்துவர்கள் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. ‘எல்லாம் மனப்பிரமை’ என்ற முத்திரையோடு மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். மனத்துக்கும் இந்த விறைப்புக்கும் உள்ள இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சோதனையில் அது நம்மைப் படாதபாடு படுத்தப்போகிறது.

வேலியே பயிரை மேய்ந்தால்

1988இல் மிக்கேலே சொலிமேனா, பியத்ரோ டி கமில்லி முதலானோர் ஒரு விறைப்பு நோயாளியின் ரத்தத்தில் வினோதமான ஒன்றைக் கண்டார்கள். கிருமிகளைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதங்களை எதிர்ப்பொருள் என்று பள்ளியில் படித்திருப்போம். இந்த நோயாளியின் எதிர்ப்பொருள் பிடித்ததோ கிருமியை அல்ல, காபாவைத் தயாரிக்கும் ‘காட்’ என்ற நொதியை. பிரேக் எண்ணெய் தயாரிக்கும் ஆலையையே காவலர்கள் முற்றுகையிட்டிருக்கிறார்கள். இப்படி உடலின் காவல்படை உடலையே எதிர்ப்பதால் வருபவற்றைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பார்கள். முடக்குவாதமும் முதல் வகைச் சர்க்கரை நோயும் இந்தக் குடும்பம்தான்.

துப்புத் துலங்கிவிட்டதுபோல் தோன்றுகிறது. ஆனால் ஓர் இடறல் உண்டு. காட் நொதி இருப்பது நரம்புச் செல்லுக்கு உள்ளே. எதிர்ப்பொருளோ பொதுவாகச் செல்லுக்கு வெளியே திரிவது. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவரை வாசலில் நிற்பவர் எப்படி அடித்தார்? அந்த எதிர்ப்பொருள்தான் குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த சாட்சியா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் ‘எதிர்ப்பொருளைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் நோய் குணமாகும்’ என்று ஏட்டுக் கணக்காகச் சொல்லிவிட முடியாது. கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

டலாகஸ் குழு கொடுத்துப் பார்த்தது இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை. மருத்துவமனைகளில் ஐ.வி.ஐ.ஜி. என்பார்கள். ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ரத்தத் திரவத்தை ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்து எதிர்ப்பொருள்களை மட்டும் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைப்பது. தறிகெட்ட எதிர்ப்பொருள்களின் நடுவே ஆயிரம் பேரின் ஒழுங்கான எதிர்ப்பொருள்களைக் கொட்டினால், கலகக் கூட்டம் பல வழிகளில் அடங்குகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் என்பது மாத அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம், இரண்டு நாளாகப் பிரித்து ரத்தநாளம் வழியே சொட்டுச் சொட்டாக. தண்ணீர்போலக் கிடைக்கும் பொருளல்ல. விலையும் கண்ணைக் கட்டும். வேலை செய்கிறதா என்று தெரியாமல் மாதா மாதம் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது.

‘கஷாயம் குடித்தேன், சரியாயிற்று’

ஒருவருக்கு மருந்தைக் கொடுக்கிறோம், அவர் எழுந்து நடக்கிறார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளாகும் என்ற பழைய நகைச்சுவையில் பாதிப் பதில் இருக்கிறது. பல நோய்களுக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. நாம் மருத்துவரைத் தேடி ஓடுவது எப்போது? வலி தாங்க முடியாத உச்சத்தில். உச்சியில் நிற்பவர் அடுத்து எடுத்துவைக்கும் அடி பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் கொடுத்தது கஷாயமோ, விபூதியோ, கோடி ரூபாய் மருந்தோ, பெயர் அதற்குப் போய்விடும். என் உறவினர் ஒருவரின் மூட்டுவலியைக் குணப்படுத்திய தைலங்களின் பட்டியல் நீளமானது. ஒவ்வொன்றும் தலா இரண்டு மாதம் குணப்படுத்தியது.

மீதிப் பாதி, நம்பிக்கை. பெரிய மருத்துவமனை, அக்கறையோடு கேட்கும் மருத்துவர், ‘உங்கள் நோய் நிஜமானதுதான்’ என்று முதல்முறையாக ஒருவர் சொல்வது. மனக்கலக்கத்தால் கூடும் விறைப்பு இதிலேயே கொஞ்சம் தளர்ந்துவிடாதா? தளரும். அது பாசாங்கு அல்ல, உண்மையாகவே தளரும். ஆனால் அதன் பெருமை புட்டிக்குள் இருப்பதற்குச் சேராது. புட்டியின் பங்கைத் தனியே அளக்க வேண்டுமானால், மருந்தில்லாத, பார்வைக்கு மருந்து போலவே இருக்கும் ஒன்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதை வெற்றுமருந்து என்போம். எது உண்மையானது, எது வெற்று என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, விறைப்பை அளக்கும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது.

43,000 எதற்காக?

தடுப்பூசிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம். ஃபைசர் சோதனையின் இறுதி முடிவை நிர்ணயித்தவர்கள் 43,000 பேர் அல்லர், 170 பேர். தடுப்பூசியோ வெற்று ஊசியோ இரண்டாம் முறை போட்டு ஒரு வாரமாவது கழிந்த பிறகு கொரோனா வந்தவர்கள் அவர்கள்தாம். அவர்களில் 162 பேர் வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்கள், 8 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். மற்றவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆரோக்கியமானவர்களைத் திரட்டி, யாருக்கோ நோய் வரும் என்று காத்திருக்கும் சோதனை அது. தூண்டில் போடும் இடத்தில் மீன் குறைவாக இருந்தால் நிறையத் தூண்டில்கள் வேண்டும்.

விறைப்பு நோயில் காத்திருக்க ஒன்றுமில்லை. வருகிற ஒவ்வொருவரும் நோயோடுதான் வருகிறார். ஆகவே பதினாறு என்பது பார்க்கும்போது தோன்றுகிற அளவுக்குச் சின்ன எண் அல்ல. ஆனாலும் ஒரு பெரிய சிக்கல் மிச்சமிருக்கிறது. பாட்டியின் பழமொழி பலிப்பதற்குக் காரணம், எல்லாப் பருக்கைகளும் ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. நோயாளிகளோ பதினாறு தனித்தனிப் பானைகள். ஒருவர் புழுங்கல், ஒருவர் பச்சரிசி. ஒருவர் கைத்தடியோடு கடைத்தெருவுக்குப் போகிறவர், ஒருவர் படுக்கையை விட்டு எழாதவர்.

ஒரே பானையில் இரண்டு முறை

இரண்டே இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவருக்கு நோய் கடுமை. மருந்தில்லாமல் அவர் விறைப்புக்கு 6 மதிப்பெண். இரண்டாமவருக்கு 3தான். மருந்து நல்ல மருந்து, யாருக்குக் கொடுத்தாலும் 2 மதிப்பெண் குறைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

வழக்கமான சோதனை என்றால் குலுக்கல் போட்டு ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு வெற்றுமருந்து. குலுக்கலில் முதலாமவருக்கு மருந்து விழுகிறது. அவர் 6இலிருந்து 4க்கு வருகிறார். வெற்றுமருந்து பெற்ற இரண்டாமவர் 3இலேயே நிற்கிறார். முடிவில் பார்த்தால் மருந்து எடுத்தவர் 4, எடுக்காதவர் 3. நல்ல மருந்து கெட்ட மருந்தாகத் தெரிகிறது! தொடக்க மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்தால் கொஞ்சம் சரியாகும். ஆனால் அது மட்டுமே வித்தியாசம் அல்லவே. வயது, நோயின் ஆண்டுகள், சுபாவம் என்று அளக்க முடியாத வேறுபாடுகள் எத்தனையோ. ஆயிரம் பேர் இருந்தால் குலுக்கல் இவற்றை இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரித்துவிடும். பதினாறு பேரில் அந்தச் சமநிலைக்கு உத்தரவாதமில்லை.

இப்போது வேறு மாதிரி செய்வோம். இருவருக்கும் இரண்டையும் கொடுப்போம், வேறு வேறு காலத்தில். முதலாமவர் வெற்றுமருந்தில் 6, மருந்தில் 4. இரண்டாமவர் வெற்றுமருந்தில் 3, மருந்தில் 1. இருவரிடமும் அதே 2 பளிச்சென்று தெரிகிறது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அவரை அவரோடு ஒப்பிட்டோம். பானைகள் வேறாக இருக்கட்டும், ஒவ்வொரு பானையிலும் இரண்டு முறை உலை வைக்கிறோம். இதற்குக் குறுக்குமாற்றுச் சோதனை என்று பெயரிடலாம்.

டலாகஸ் குழு செய்தது இதுதான். குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு முதல் மூன்று மாதம் ஐ.வி.ஐ.ஜி., ஒரு மாத இடைவெளி, பிறகு மூன்று மாதம் வெற்றுமருந்து. மற்ற அணிக்கு இதன் தலைகீழ் வரிசை. ஏன் தலைகீழ்? எல்லாருக்கும் மருந்தை இரண்டாவதாகவே கொடுத்திருந்தால், ஏழு மாதத்தில் நோய் தானாகத் தணிந்திருந்தாலும் மருந்துக்கு மாலை விழுந்திருக்கும். இதில் இன்னொரு நல்லதும் இருக்கிறது. நோயில் தவிப்பவருக்கு வெற்றுமருந்து கொடுப்பது நியாயமா என்ற கேள்வி எப்போதும் குடையும். இந்த ஏற்பாட்டில் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. யாருக்கு முந்தி, யாருக்குப் பிந்தி என்பதுதான் குலுக்கல்.

சரி, பதினாறு பேரில் எத்தனை பேர் தேறினால் நம்பலாம்? ஒரு விளையாட்டுக் கணக்கு. மருந்துக்கும் வெற்றுமருந்துக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் ‘எந்த மூன்று மாதம் மேல்?’ என்று கேட்டால், அவர் நாணயம் சுண்டியதுபோல ஏதோ ஒன்றைச் சொல்வார். 16 முறை சுண்டினால் தலை எட்டையொட்டி விழும். ஒன்பது, பத்து விழுந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். 13 அல்லது அதற்குமேல் தலையே விழுவது இந்த விளையாட்டை 94 தடவை ஆடினால் ஒரு தடவைதான் நடக்கும். பதினாறும் தலையாக விழ 65,536இல் ஒரு வாய்ப்பு. அதாவது ஆட்கள் குறைவாக இருந்தாலும், எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. உண்மைச் சோதனையில் இப்படி வாக்கெடுப்பு நடத்தவில்லை. விறைப்பு உடலின் எந்தெந்தப் பகுதிகளில் பரவியிருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண், சத்தமும் தொடுகையும் மனக்கலக்கமும் எவ்வளவு தூண்டுகின்றன என்பதற்கு இன்னொரு மதிப்பெண் என்று மாதா மாதம் அளந்தார்கள். ஆனால் தர்க்கம் அதேதான்.

முடிவு என்ன? மருந்தை முதலில் பெற்ற அணியின் விறைப்பு இறங்கியது. வெற்றுமருந்துக்கு மாறியதும் மறுபடி ஏறியது. வெற்றுமருந்தை முதலில் பெற்ற அணி இருந்த இடத்திலேயே நின்று, மருந்துக்கு மாறிய பிறகு இறங்கியது. இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். மருந்துக் காலத்தில் பதினொரு பேர் முன்னைவிடச் சுலபமாகவோ துணையில்லாமலோ நடந்தார்கள். விழுவது குறைந்தது. வீட்டுவேலையும் வெளிவேலையும் செய்ய முடிந்தது.

கழுவாத பாத்திரம்

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே பாத்திரத்தில் முதலில் சாம்பார், அப்புறம் பாயசம் என்றால் நடுவில் கழுவியாக வேண்டும். முதல் மருந்து உடலில் மிச்சமிருந்தால் அடுத்த மூன்று மாதத்தின் அளவு கெட்டுவிடும். நடுவில் விட்ட அந்த ஒரு மாதம் அதற்குத்தான். ஆனால் ஏற்றிய எதிர்ப்பொருளில் பாதி மறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். சோதனைக்குப் பிறகு பார்த்தபோது, சிலருக்கு மருந்தின் பலன் ஆறு வாரமும் சிலருக்கு ஓராண்டு வரையிலும் நீடித்தது தெரிந்தது. அப்படியானால் பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை!

கொஞ்சம் நிதானித்து யோசித்தால், இந்தக் கறை யாருக்குச் சாதகம்? மருந்தை முதலில் எடுத்தவரின் நல்ல பலன் வெற்றுமருந்துக் காலத்திலும் ஒட்டிக்கொண்டால், வெற்றுமருந்துதான் தகுதிக்கு மீறி நல்ல பெயர் வாங்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கும். மருந்துக்கு எதிரான சூழ்ச்சி இது. அதையும் தாண்டி வித்தியாசம் தெரிந்தது என்றால் சந்தேகம் கூட வேண்டியதில்லை, குறையத்தான் வேண்டும். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இது.

மறுபடி அதே மருத்துவர், இருபத்துநான்கு பேர்

ஐ.வி.ஐ.ஜி. எல்லாருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்களுக்கும் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. எனவே டலாகஸ் குழு ரிடுக்ஸிமாப் என்ற மருந்தைக் கையிலெடுத்தது. எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் வம்சத்தைச் சேர்ந்த பி செல்களையே அழிக்கும் மருந்து. காகிதத்தில் பார்த்தால் இன்னும் பொருத்தமானது, ஆணிவேரில் கைவைப்பது. அங்கங்கே தனித்தனி நோயாளிகளுக்குக் கொடுத்த மருத்துவர்கள் பிரமாதமான பலன் என்று எழுதியும் இருந்தார்கள்.

ஆனால் இம்முறை குறுக்குமாற்றுக்கு வழியில்லை. அழிந்த பி செல்கள் திரும்பி வர ஆறு மாதத்துக்கும் மேலாகும். இந்தப் பாத்திரத்தைக் கழுவவே முடியாது. ஆகவே பழைய முறைதான், ஓர் அணிக்கு மருந்து, மற்ற அணிக்கு வெற்றுமருந்து. மொத்தம் 24 பேர். முன்னதைவிட எட்டுப் பேர் அதிகம். ஆனால் ஒவ்வொருவரும் தன்னோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் வசதி பறிபோய்விட்டது.

2017இல் முடிவு வந்தது. ஆறு மாத இறுதியில் இரு அணிகளின் விறைப்பு மதிப்பெண்ணிலும் நம்பத்தகுந்த வித்தியாசம் இல்லை. மூன்றாம் மாதத்தில் இரு அணிகளிலும் வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது. தனக்கு நன்றாகத் தளர்ந்துவிட்டது என்று சொன்னவர்கள் மருந்து அணியில் நான்கு பேர், வெற்றுமருந்து அணியிலும் நான்கு பேர். மனப்பிரமை என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட நோயில், மனத்தின் வலிமை ஒரு மருந்தின் வலிமையை மூடி மறைக்கும் அளவுக்கு வந்து நின்றது.

அல்லது மறைக்க அங்கே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ரிடுக்ஸிமாப் வேலை செய்யாது என்று சோதனை சொல்லவில்லை, வேலை செய்கிறது என்று காட்ட முடியவில்லை என்றது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் இன்றைக்கும் பல விறைப்பு நோயாளிகளும் அவர்களுடைய மருத்துவர்களும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

தளர்ந்துவிட்டதாகச் சொன்ன அந்த எட்டுப் பேரையும் ஆறாம் மாதத்தில் மறுபடி பார்த்தார்கள். மருந்து எடுத்த நால்வரில் மூவருக்குப் பலன் நீடித்தது. நடையில் தெரிந்த மாற்றம் வீடியோப் பதிவிலும் இருந்தது. வெற்றுமருந்து எடுத்த நால்வரில் மூவர் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஒருவர் மட்டும் அப்போதும் நன்றாகவே இருந்தார்.